சிரிக்கிற மூஞ்சியை அமுக்குங்க!

கால் விரல் கறுத்துப்போன ஒரு கிழவியிடம், கடந்த இரண்டு வாரத்தில் தாம்பத்திய சுகம் எந்த அளவுக்குத் திருப்தியாக இருந்தது என்று கேட்டாக வேண்டும். அவளும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும். இடம், அரசு ஆஸ்பத்திரியின் சர்க்கரை ஓ.பி. வராந்தா. நேரம், காலை பதினொன்றரை. கேட்கப்போகிற பையன் எம்.டி. இரண்டாம் ஆண்டு. கிழவிக்குப் பக்கத்தில் மருமகள், கையில் ஓ.பி. சீட்டு. முன்னும் பின்னும் அறுபது பேர். அத்தனை பேருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

கேள்வியை நான் கட்டிவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளில், சுருக்கப் பதிப்பில், 21-ஆவது கேள்வி அது. மொத்தம் 26. உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி என்பது முதல் கேள்வி. உங்கள் உடல்நலத்தில் திருப்தியா என்பது இரண்டாவது. மீதி 24-ஐ உடலுக்கு ஏழு, மனசுக்கு ஆறு, உறவுகளுக்கு மூன்று, சுற்றுச்சூழலுக்கு எட்டு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். பூமியில் பிறந்த எந்த மனுஷியும் இந்த ஐந்து கட்டத்துக்குள் அடங்கிவிடுவாள் என்பது ஏற்பாடு.

எம்.டி. படிக்கிறவர்கள் ஆய்வேடு கொடுக்காமல் பரீட்சை எழுத முடியாது. ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டும். எலி வேண்டாம், ரசாயனம் வேண்டாம், காசும் வேண்டாம். ஜெராக்ஸ் எடுத்த கேள்வித்தாளும் ஓடிப்போக முடியாத நோயாளிகளும் இருந்தால் போதும் என்றால், வாழ்க்கைத் தரத்தைவிட வாட்டமான தலைப்பு எங்கே கிடைக்கும்? ஆகவே பையன் குனிந்து, ஒப்புதல் படிவத்தை ஒரே மூச்சில் படிக்கிறான்.

"பாட்டி, இதுல கலந்துக்கிறது உங்க விருப்பம், கலந்துக்காட்டியும் உங்க வைத்தியத்துக்கு ஒரு பாதிப்பும் வராது, இங்க ஒரு கைநாட்டு வைங்க."

வைத்தாள். ஆஸ்பத்திரியில் யாராவது காகிதத்தை நீட்டினால் கைநாட்டு வைத்துவிட வேண்டும் என்பது அவளுக்கு நாற்பது வருஷமாகத் தெரியும்.

"உங்க வாழ்க்கைத் தரம் எப்படி இருக்குன்னு நெனக்கிறீங்க? ரொம்ப மோசம், மோசம், ரெண்டுங்கெட்டான், நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு. இதுல எது?"

"என்னய்யா கேக்குற?"

"எப்படி இருக்கீங்கன்னு கேக்குறேன் பாட்டி."

"இருக்கேன்யா. நீ நல்லாருக்கியா? மூஞ்சி வாடிக் கெடக்கு. சாப்ட்டியா?"

அவன் சாப்பிடவில்லை. முந்தின நாள் காலையில் தொடங்கிய டியூட்டி இன்னும் முடியவில்லை. நோயாளி டாக்டரைப் பார்த்துக் கேட்கிற கேள்விக்குப் படிவத்தில் இடம் கிடையாது. மூன்றில் டிக் அடித்தான்.

"உடம்பு விஷயத்துல திருப்தியா இருக்கீங்களா?"

கிழவி காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்தாள். கட்டுத்துணி நனைந்திருந்தது. ஈ வந்து உட்கார்ந்தது. "இந்த வெரலை எடுத்துருவாகளாம்ல?"

"அத சர்ஜரி டாக்டர் சொல்லுவாரு. நீங்க இதுக்குச் சொல்லுங்க."

கிழவி நிமிர்ந்து பார்த்தாள். அறை வாசலில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். கிழவியின் குரல் மாறிவிட்டது. "டாக்டருக, நர்சம்மாருக எல்லாம் தங்கமாப் பாக்குறாக. ஒரு கொறையும் இல்ல சாமி."

நான்கு.

"பொழுதுபோக்குக்கு எந்த அளவுக்கு வாய்ப்பு இருக்கு?"

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்தேன். இங்கனதான பொழுது போகுது."

மூன்று.

"போக்குவரத்து வசதி?"

"பஸ்ஸு பொம்பளைகளுக்கு ஓசிதேன். கைகாட்டுனா நிப்பாட்ட மாட்டேங்குறான்."

இதுவும் மூன்று. தேவைக்குத் தக்க பணம் இருக்கிறதா என்று கேட்டபோது மருமகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கும் கட்டம் இல்லை. இருபத்தோராம் கேள்வி வந்ததும் பையன் மருமகளைப் பார்த்தான், கிழவியைப் பார்த்தான், கேட்காமலே ஒரு மூன்று போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனான். அன்றைக்கு அந்த வராந்தாவில் கடைப்பிடிக்கப்பட்ட ஒரே மருத்துவ அறம் அந்தப் பொய்தான்.

எல்லாம் முடிந்து அவன் எழுந்தபோது கிழவி அவன் கோட்டைப் பிடித்து, ரகசியமாகக் கேட்டாள். "யய்யா, இதுல கொறச்சுச் சொல்லியிருந்தா மாத்தர குடுக்க மாட்டாகளா?"

இந்தக் கேள்வியைச் சேர்த்துக்கொண்டு மற்ற இருபத்தாறையும் கிழித்துப் போட்டிருந்தால் உலகத்துக்கு உருப்படியான ஒரு கருவி கிடைத்திருக்கும்.

ஆனால் அறிவியல் அப்படி நடப்பதில்லை. வலி, மருந்தை நம்பி வாழ்வது, மனச்சோர்வு ஆகிய மூன்று விடைகளையும் தலைகீழாகத் திருப்பி, கூட்டி, சராசரி எடுத்து, பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் வருமாறு மாற்றுவார்கள். கிழவியின் கால் 'உடல் களம்' ஆகும். அவளை விட்டு ஓடிப்போன மகன் 'சமூக உறவுக் களம்' ஆவான். நின்று நின்று வீங்கிய மருமகளின் கணுக்கால் எந்தக் களத்திலும் வராது, அவள் நோயாளி இல்லை. இருநூறு கிழவிகள் சேர்ந்ததும் கணினியில் ஏற்றி ஒரு பொத்தானைத் தட்டினால் இரண்டு தசம இடத்துக்குச் சுத்தமாக விடை வரும். கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம்: இந்நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் மிதமான அளவில் உள்ளது, மேலும் ஆய்வுகள் தேவை. தாராளமாகச் செய்யட்டும். கிழவிக்கு மேலும் ஒன்பது விரல்கள் இருக்கின்றன.

இந்தக் கேள்வித்தாளை உண்டாக்கியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை மருத்துவம் நோயாளியிடம் அதிகம் கேட்டதில்லை. ரத்தத்தைக் கேட்டது, சிறுநீரைக் கேட்டது, எக்ஸ்ரேயைக் கேட்டது. பிழைத்தானா செத்தானா என்று பதிவேட்டைக் கேட்டது. ஆளைக் கேட்கலாமே என்று 1990-களில் உலகம் முழுக்கப் பதினைந்து மையங்களில் உட்கார்ந்து யோசித்தவர்கள் நல்லவர்கள். அதில் இரண்டு மையங்கள் இந்தியாவில் இருந்தன. ஒன்று தில்லி, இன்னொன்று நம் சென்னை. மனச்சிதைவு நோயாளிகளையும் அவர்களை வைத்துக்கொண்டு அல்லாடும் குடும்பங்களையும் பார்த்துக்கொண்டிருந்த ஸ்கார்ஃப் நிறுவனம் சென்னை மையமாக இருந்தது. நோயாளிகளையே கூட்டி உட்காரவைத்துப் பேசவிட்டு, அதிலிருந்து கேள்வி எடுத்தார்கள். வாழ்க்கைத் தரம் என்றால் என்ன என்பதற்கு அவர்கள் கொடுத்த விளக்கத்திலேயே, ஒருவர் வாழும் பண்பாடு, அவருடைய எதிர்பார்ப்பு, அவர் வைத்திருக்கிற அளவுகோல் எல்லாவற்றையும் ஒட்டித்தான் அவர் தன் நிலையை எடைபோடுவார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழுதி வைத்ததைப் படிக்காதவர்கள் கையில் அது போய்ச் சேர்ந்ததுதான் பிரச்சினை. எதிர்பார்ப்பை ஒட்டித்தான் திருப்தி என்றால், திருப்தியைக் கூட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆஸ்பத்திரியை நல்லதாக்குவது. அதற்குக் கட்டடம், ஆள், மருந்து, பணம் எல்லாம் வேண்டும். இன்னொன்று, எதிர்பார்ப்பைக் குறைப்பது. அதற்கு ஒரு ஸ்டூலைக்கூடப் புதிதாக வாங்க வேண்டாம். எந்த நிதித்துறைச் செயலாளருக்கு எந்த வழி பிடிக்கும் என்பதை ஊகிக்க எம்.டி. பட்டம் தேவையில்லை.

அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தின் ஆய்விலிருந்து வந்த எஸ்.எஃப்-36 என்ற இன்னொரு பிரபல கேள்வித்தாளும் இருக்கிறது. மிதமான வேலைகளைச் செய்ய உடம்பு இடம் கொடுக்கிறதா என்று அதில் ஒரு கேள்வி. மிதமான வேலை என்றால் என்ன என்பதற்கு மூலப்படிவத்தில் உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள்: மேசையை நகர்த்துவது, வேக்குவம் கிளீனரைத் தள்ளுவது, பௌலிங் ஆடுவது, கோல்ஃப் ஆடுவது. சிறுநீரக நோயாளிகளுக்கான கேள்வித்தாளுக்கும் இதுதான் அடித்தளம். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்துவிட்டு, திரும்பிப் போய் சித்தாள் வேலைக்கு நிற்கிறவரிடம், தண்ணீர் குடிக்கக் கட்டுப்பாடு இருப்பது உங்களுக்கு எவ்வளவு தொந்தரவாக இருக்கிறது என்று அந்தக் கேள்வித்தாள் கேட்கும். மே மாதம். கத்திரி வெயில். ஐந்துக்கு எத்தனை அண்ணே?

எதிர்பார்ப்பு விஷயத்துக்கு வருகிறேன். 1943-இல் வங்காளத்தில் பஞ்சம். அடுத்த வருஷம், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூர் என்ற ஊரில் அகில இந்திய சுகாதாரவியல், பொதுச் சுகாதார நிலையத்தார் வீடு வீடாகப் போய் உடல்நலம் எப்படி என்று கேட்டார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டியிருக்கிறார். பஞ்சம் முடிந்து ஒரு வருஷம்கூடச் சரியாக ஆகாத வங்காளம். ஆண்கள் சாப்பிட்டு மிஞ்சியதைத் தின்றவர்கள், மிஞ்சாதபோது தின்னாதவர்கள், ஒரு நல்லது கெட்டதுக்கு முன்னால் வந்து நிற்க அனுமதி இல்லாதவர்கள் — அந்த விதவைகள் சொன்னார்கள்: எங்களுக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறோம்.

இன்றைய நிர்வாகியிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் என்ன செய்வார் தெரியுமா? விதவைகள் திருப்தி விகிதம் 97.5 என்று பேனர் அடிப்பார். விதவைத்தனம் உடம்புக்கு நல்லது என்று ஒரு பவர்பாயிண்ட் தயாரிப்பார். மனைவியை இழந்த ஆண்களுக்குக் கவுன்சலிங் ஏற்பாடு செய்வார். குறை சொன்னவர்களைக் கவனிக்கத்தானே சொல்கிறது விதிமுறை!

சென் 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது இன்னும் தெளிவு. அன்றைய கணக்கில், இந்தியாவில் அதிக ஆயுள் கேரளத்துக்காரர்களுக்கு. எனக்கு உடம்பு சரியில்லை என்று அதிகம் சொல்கிறவர்களும் அவர்களே. பீகாரில் ஆயுள் குறைவு, ஆனால் நோய் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் அதைவிடக் குறைவு. அமெரிக்காவைச் சேர்த்துப் பார்த்தால், கேரளத்தைவிடவும் அதிகமாகப் புலம்புகிறவர்கள் அமெரிக்கர்கள். பள்ளிக்கூடம் போனவனுக்கு, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறவனுக்கு, இது நோய், இதற்கு மருந்து உண்டு என்று தெரியும், அதனால் கேட்கிறான். மூன்று தலைமுறையாகச் சாணிப்பால் நிறத்தில் தண்ணீர் குடித்தவனுக்கு வயிற்றுப்போக்கு என்பது ஆடி ஆவணி சமாச்சாரம். அவன் திருப்தியாகச் சாகிறான். திருப்தியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கேரளத்து ஆஸ்பத்திரிகளை இழுத்து மூடிவிட்டு அந்த டாக்டர்களை பீகாருக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், ஜனங்களை எப்படி நிம்மதியாக வைத்துக்கொள்வது என்று கற்றுக்கொள்ள.

தனியார் பக்கம் போகலாம். அங்கே நாற்காலி உண்டு, ஏ.சி. உண்டு, திருப்தியை அளக்கத் தனி டிபார்ட்மெண்டே உண்டு. காலை ஒன்பது மணிக்கு டிஸ்சார்ஜ் என்று சொன்னார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து அப்ரூவல் வரவில்லை என்று மத்தியானம் சொன்னார்கள். நாலு மணிக்கு வந்தது, கேட்டதில் முக்கால் பங்குதான் வந்தது; மீதியைக் கட்டுங்கள் என்றார்கள். கையுறைக்கு ஒரு தொகை, பஞ்சுக்கு ஒரு தொகை, நோயாளி சாப்பிடாத சாப்பாட்டுக்கு ஒரு தொகை. மச்சானுக்கு போன் போட்டு, நகையை அடகு வைத்து, கார்டைத் தேய்த்துக் கட்டி முடித்து, பில்லில் 'பெய்டு' முத்திரை விழுகிற அந்த நொடியில் ஒரு பெண் புன்னகையோடு டேப்லெட்டை நீட்டுவாள். "சார், எங்க சர்வீஸ மத்தவங்களுக்கு எந்த அளவுக்கு ரெக்கமெண்ட் பண்ணுவீங்க? பத்துக்குப் பத்து குடுங்க சார், ப்ளீஸ். ஒம்பதுக்குக் கீழ போனா எனக்கு இன்சென்டிவ் கட்." பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு நிற்கிற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பத்து போடாமல் இருக்க யாருக்கு மனசு வரும்? முதலாளியின் சேவைக்கு மார்க் போடச் சொல்லி, தொழிலாளியின் சோற்றைப் பிணையாக வைக்கிறார்கள். பத்து போட்டேன். நீங்களும் போட்டிருப்பீர்கள்.

இந்தப் பத்துக்குப் பத்து விவகாரமும் ஒரு நிர்வாகச் சாஸ்திரம். 2003-இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்பவர் ஹார்வர்டு பிசினஸ் ரெவியூவில் எழுதியது. ஒன்பது, பத்து போடுகிறவன் நண்பன். ஏழு, எட்டு போடுகிறவன் கணக்கிலேயே இல்லை. பூஜ்யத்திலிருந்து ஆறு வரை போடுகிறவன் எதிரி. நண்பர்கள் சதவீதத்திலிருந்து எதிரிகள் சதவீதத்தைக் கழித்தால் கம்பெனியின் மானம் எவ்வளவு என்று தெரியும். நம்மூரில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், அறுபது எடுத்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று படித்த ரிட்டயர்டு தமிழாசிரியர் ஒருவர், ரொம்ப யோசித்து, தாராள மனசோடு ஆறு போடுகிறார் என்று வையுங்கள். தன் ஆயுளில் கட்டுரைப் பகுதிக்கு அவர் யாருக்கும் அவ்வளவு போட்டதில்லை. கம்பெனிக் கணக்கில் அவர் எதிரி. மறுநாள் அவருக்கு போன் வரும். "சார், ஒங்களுக்கு என்ன சார் பிரச்சன?"

இப்படியே போனால் எங்கே போய் நிற்கும் என்பதை அமெரிக்காக்காரர்கள் நமக்கு முன்னாலேயே நடந்து காட்டிவிட்டார்கள். அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனவர்களிடம் நாடு முழுவதற்கும் ஒரே கேள்வித்தாள். 2008 முதல் ஆஸ்பத்திரி வாரியாக முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிடுகிறார்கள். 2012 அக்டோபரிலிருந்து அதில் பணமும் சேர்ந்தது. அரசுக் காப்பீடான மெடிகேர் தருகிற தொகையில் ஒரு சதவீதத்தில் தொடங்கி இரண்டு சதவீதம் வரை பிடித்துவைத்துக்கொண்டு, மார்க்கைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மார்க்கில் முதலில் 30 சதவீதம் நோயாளியின் அனுபவத்துக்கு. உங்கள் வலியைக் குறைக்க ஊழியர்கள் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்களா என்பதும் ஒரு கேள்வி. அது ஓப்பியாய்டு என்ற வலிநிவாரணி மாத்திரைகள் அந்த நாட்டைத் தின்றுகொண்டிருந்த காலம். 2016-இல் மட்டும் அளவு மீறிய ஓப்பியாய்டால் செத்தவர்கள் 42,000-க்கு மேல். வலிக் கேள்விதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் மாத்திரை எழுதவில்லை என்றால் மார்க் போகிறது, மார்க் போனால் பணம் போகிறது என்று டாக்டர்கள் கத்தினார்கள். கடைசியில் அதே 2016-இல், வலிக் கேள்விகளைப் பணக் கணக்கிலிருந்து எடுத்துவிட முடிவு செய்தார்கள்.

அதே நாட்டில் 2012-இல் ஜோஷுவா ஃபென்டனும் சக ஆய்வாளர்களும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்துப் பார்த்தார்கள். டாக்டர்மேல் ஆகக் கூடுதல் திருப்தி கொண்டவர்கள், ஆகக் குறைந்த திருப்தி கொண்டவர்களைவிட மருந்துக்கு அதிகம் செலவழித்தார்கள், அதிகமாக ஆஸ்பத்திரியில் படுத்தார்கள், சாகும் அபாயமும் அவர்களுக்கு 26 சதவீதம் அதிகம். திருப்தியால் செத்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. திருப்தியாக இருந்ததால் பிழைத்தார்கள் என்று மட்டும் இனி யாரும் என் காதில் பூச்சுற்ற வேண்டாம்.

அந்த அமெரிக்க ஆஸ்பத்திரிக் கேள்வித்தாளின் விதிமுறையில் ஒரு வரி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வரி. டிஸ்சார்ஜ் ஆகும்போது உயிரோடு இருப்பவர்களிடம் மட்டுமே கேட்க வேண்டும். நியாயம்தான், வேறு யாரிடம் கேட்பது? ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும், ஆகப் பெரிய அதிருப்தியோடு போனவர் படிவத்தை நிரப்பியதே இல்லை. ஆம்புலன்ஸ் வராமல் வழியில் போனவர், பெட் இல்லை என்று மூன்று ஆஸ்பத்திரி அலைந்து நாலாவதின் வாசலில் போனவர், காசு தீர்ந்து சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகப்பட்டவர், இவர்களெல்லாம் சாம்பிளுக்கு வெளியே. இருப்பவர்கள் சராசரி நான்கு. அப்படியென்றால் நான்குதான்.

நம் அரசும் சும்மா இல்லை. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 'மேரா அஸ்பதால்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஓ.பி. சீட்டுப் போடும்போது கொடுத்த செல்போன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும், அழைப்பு வரும், திருப்தியா இல்லையா என்று சொல்லலாம். கிழவியின் சீட்டில் இருக்கும் எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கிற பேரனுடையது. அவன் அந்த ஆஸ்பத்திரியைக் கடைசியாகப் பார்த்தது பிறந்தபோது. ஷிப்டு நடுவில் வந்த தெரியாத நம்பரை அவன் எடுப்பானா? எடுத்தால் லோன் வேண்டுமா என்பார்கள் என்று கட் பண்ணுவான். கட் பண்ணியவர்களும் சாம்பிளுக்கு வெளியே.

இன்னொரு பக்கம், தேசியத் தரச் சான்று. சான்று வாங்க ஆஸ்பத்திரி நோயாளிகளின் திருப்தியையும் மாதாமாதம் அளந்து காட்ட வேண்டும். சான்று கிடைத்தால் ஊக்கத்தொகை. நல்ல ஏற்பாடு, காகிதத்தில். மேற்பார்வைக் குழு வருகிற வாரத்தில் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குள் போய்ப் பாருங்கள். கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் முளைத்திருக்கும். பெட்டில் நீல விரிப்பு, மறு நாள் பச்சை விரிப்பு. ஃபீட்பேக் பாரங்கள் கட்டுக்கட்டாக இருக்கும், எல்லாம் ஒரே பால்பாயிண்ட் பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வில் டிக். எழுதியவர் பாவம், ஒரே ஆளாக இரண்டு வார்டு பார்க்கிற ஒப்பந்த நர்ஸ். ராத்திரி டியூட்டியில் குளுக்கோஸ் பாட்டில் மாற்றிக்கொண்டே நூறு நோயாளிகளின் திருப்தியையும் அவரே அடைந்து முடித்திருப்பார். அவர் திருப்தியாக இருக்கிறாரா என்று கேட்கப் படிவம் இன்னும் அச்சாகவில்லை.

சரி, ஐரோப்பாவில் இன்னும் துல்லியமாக அளக்கிறார்கள் என்பீர்கள். அளக்கிறார்கள். இ.க்யூ-5டி என்று ஒன்று. நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, கவலை, ஐந்தே விஷயம். பிரிட்டனில் 1993-இல் சுமார் 3,000 பொதுஜனங்களை வீட்டில் போய்ப் பார்த்து, இப்படி இப்படியெல்லாம் படுத்துக்கிடந்தால் அந்த வாழ்க்கைக்கு என்ன மதிப்புக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். முழு ஆரோக்கியம் ஒன்று; சாவு பூஜ்யம். ஐந்திலும் ஆக மோசம் என்றால் கணக்கில் வந்த மதிப்பு மைனஸ் 0.594. அதாவது சாவைவிடக் கீழே. டீக்கோப்பையோடு சோபாவில் உட்கார்ந்து கற்பனை செய்தவர்கள் படுக்கையில் கிடக்கிறவனுக்குப் போட்ட விலை இது. எந்த மருந்துக்கு அரசு பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்ற கணக்கில் இம்மாதிரி எண்கள்தான் உள்ளே போகின்றன. உடம்பு முடியாதவர்களைப் போய்க் கேட்டால், அவர்களில் பலர் எங்கள் வாழ்க்கை நன்றாகவே இருக்கிறது என்று சொல்லி ஆய்வாளர்களைத் திகைக்க வைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலிக்காரர் அதைச் சொல்லும்போது நான் நம்புகிறேன். அவர் வாழ்ந்து பார்த்துச் சொல்கிறார். அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு, பிறகு எதற்குச் சாய்வுதளம் கட்ட வேண்டும் என்று கேட்கிறவனைத்தான் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

இந்த நாட்டில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் 39.4 சதவீதம் ஜனங்கள் நேராகத் தங்கள் மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பது. 2021-22-க்கான தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது, எதிர்க்கட்சி சொல்லவில்லை. நூறு ரூபாயில் நாற்பது ரூபாய் தன் கையிலிருந்து போனவனிடம் போய் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க நமக்கு வெட்கமாக இல்லை.

திருப்தி ஆய்வு ஒன்றுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிற கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்திருந்தேன். நோயாளிக்குப் புரிகிற தமிழில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பஜ்ஜி நன்றாக இருந்தது. நான் என் பங்குக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினீர்கள்? எத்தனை மணிக்கு டாக்டர் பார்த்தார்? எத்தனை நிமிஷம் பார்த்தார்? உங்களைத் தொட்டுப் பார்த்தாரா? எழுதிய மருந்தில் எத்தனை இங்கே கிடைத்தது, எத்தனையை வெளியே வாங்கச் சொன்னார்கள்? ஸ்ட்ரெச்சர் தள்ளியவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? பிள்ளை பிறந்ததைச் சொல்ல வந்தவர் ஆணென்றால் எவ்வளவு கேட்டார், பெண்ணென்றால் எவ்வளவு? இன்றைக்கு எத்தனை நாள் கூலி போயிற்று?

அதிகாரி தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். நல்ல மனிதர், முகம் சுளிக்கவில்லை. மடித்துத் தன் ஃபைலின் கடைசிப் பக்கத்தில் செருகிக்கொண்டு சொன்னார்:

"நல்ல பாயிண்ட்ஸ் சார். ஆனா இதெல்லாம் அப்ஜெக்டிவ். நம்ம ப்ராஜெக்ட்டுக்கு சப்ஜெக்டிவ் மட்டும்தான் ஃபண்டிங்."